மூன்று விதிகளும் ஒரு பானை நெய்ச்சோறும்

பட்டினி கிடந்தே ஒரு பள்ளிக்கூடத்தைக் கெடுக்க முடியும் என்று நிரூபித்தவள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது கொஞ்சம் கௌரவம்.

ஐம்பதுகளின் பிற்பகுதி. தென்காசியில் ஒரு சின்ன ஆரம்பப் பள்ளி. எனக்கு இருபது வயது; உலகத்தைத் திருத்த அது போதாது என்று அப்போது யாரும் சொல்லவில்லை (சொல்லியிருந்தால் அவரையும் திருத்தியிருப்பேன்). ஒன்றாம், இரண்டாம் வகுப்புகள் எனக்கு. மூன்றாம் வகுப்பு மைதீன் சாருக்கு. நாலும் ஐந்தும் தலைமையாசிரியர் பிச்சையா சாருக்கு. வகுப்புகளுக்கு நடுவே சுவர் கிடையாது, மூங்கில் தட்டிதான். சாரல் காற்று ஒன்றாம் வகுப்பில் நுழைந்து, அரிச்சுவடியை நனைத்து, வாய்பாட்டை நனைத்து, ஐந்தாம் வகுப்பு வழியாக வெளியேறிவிடும். காற்றுக்குப் பள்ளிக்கூடம் ஒன்றுதான். பிள்ளைகளுக்குத்தான் மூன்று.

நான் சேர்ந்த மறு வருஷம், என்னிடமிருந்து மூன்றாம் வகுப்புக்குப் போன ரஹ்மத் ஒரு நாள் சிவந்த காதோடு வந்து நின்றாள்.

"டீச்சர், தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்கணும்னு நீங்கதான சொன்னிய? சொல்லிக்குடுத்தேன். மைதீன் சார் காதைத் திருகிட்டாக. பெரிய சார் வகுப்புல பிரம்பாம். எது டீச்சர் சரி?"

பதில் தெரியாதபோது கூட்டம் போடுவது என் வழக்கம். அன்று மாலையே மூவரும் உட்கார்ந்தோம். மூன்று வகுப்பறைக்கும் ஒரே நெறி வேண்டும் என்று நான் பேசிய பேச்சில் தட்டியே ஆடியது (காற்றும் இருந்தது). விதிகள் மூன்று. ஒன்று, என்ன வந்தாலும் உண்மையே சொல்ல வேண்டும். இரண்டு, இருப்பதைப் பகிர வேண்டும். அறிவானாலும் சரி, அவல் ஆனாலும் சரி. மூன்று, பிரம்பு கிடையாது. பிள்ளைகள் தப்புச் செய்தால் ஆசிரியர் மதியம் பட்டினி கிடப்பார். அவர்கள் மனம் தானாகக் கசியும்.

"சோத்துல கை வைக்காதிய டீச்சர்" என்றார் மைதீன் சார். நல்ல ஆகிருதி அவருக்கு. "அப்ப வீட்ல குடுத்துவிடுத சோறு என்ன ஆகும்?"

"வீணாக்க வேண்டாம், சார். வகுப்புப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துவிடலாம்."

இந்த ஒரு வாக்கியத்துக்காக என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். பிச்சையா சாரோ பதிவேட்டில் என்னையே எழுதச் சொன்னார்; மூவரும் கையெழுத்துப் போட்டோம். "ஆய்வு வருது. அதுல சரிப்படலைன்னா பிரம்பு திரும்ப வந்துரும். உங்க வேலைக்கும் நான் பொறுப்பில்ல" என்றார். எனக்கு இன்னும் பணி நிரந்தரமாகவில்லை.

முதல் வாரம் பிள்ளைகளின் மனம் கசிந்தது. இரண்டாம் வாரம் நாக்கு கசிந்தது. என் தயிர்சோற்றுக்கு அவ்வளவு மரியாதை இல்லை. ஒன்றிரண்டு தப்போடு நிறுத்திக்கொண்டார்கள். மைதீன் சார் வீட்டு மீன்குழம்போ ஒரு வகுப்பையே மக்காக்கியது. வீட்டுக்கணக்கு அடியோடு நின்றது. சார் இளைத்தார், குழந்தைகள் தெளிந்தார்கள். நான் அதைக் கல்வியின் மலர்ச்சி என்று நாட்குறிப்பில் எழுதினேன்.

எங்கள் பக்கம் ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்குக் குற்றாலத்தில் தண்ணீர் விழுந்த பிறகுதான் கல்வியின்மேல் அக்கறை பொங்கும். அந்த இன்ஸ்பெக்டரும் விடியலில் ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலை காயாமலே வந்தார். அருவியில் குளித்தவன் பசி ஆனைப்பசி. அவருக்காக மைதீன் சார் வீட்டிலிருந்து ஒரு பானை நெய்ச்சோறும் கறியும் வந்து, தட்டிக்குப் பின்னால் காத்திருந்தது. காற்று தன் வேலையைச் செய்தது.

மூன்றாம் வகுப்பில் அவர் கேட்டது எளிய கேள்வி.

"ஏழெட்டு எவ்வளவு?"

முப்பது முகமும் கல்லாக இருந்தன. மைதீன் சார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஏட்டி ரஹ்மத், நீ சொல்லு" என்றார்.

அவள் எழுந்தாள். பொய் சொல்லக் கூடாது, அதுவும் விதி.

"தெரியும் சார். சொல்ல மாட்டேன்."

"ஏம்மா?"

"சொன்னா நீங்க சாப்பிட்டுருவிய."

பக்கத்துப் பிள்ளை உதவிக்கு வந்தது. "நேத்து அயிலைமீனு சார். நேத்தும் நாங்க சொல்லல."

இன்ஸ்பெக்டர் பதிவேட்டைக் கேட்டார். மூன்றாம் விதியை இரண்டு தரம் படித்தார். "யார் இதை எழுதியது?"

குண்டு குண்டான அந்த எழுத்து என்னுடையது என்பது கூரைப் பல்லிக்கும் தெரியும். நான் வாய் திறப்பதற்குள் பிச்சையா சார் சொன்னார்: "மூணு பேரும் சேந்துதான் எழுதுனோம். கையெழுத்து இருக்கு பாருங்க." மைதீன் சார், "ஆமா சார், எனக்கும் இதுல முழுச் சம்மதம்" என்றார். அந்த மெலிந்த உடம்போடு. ஒரே நெறி என்று நான் தொண்டை வற்றக் கத்தியதை அவர்கள் இரண்டு வரியில் செய்து காட்டிவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் பிள்ளைகளைப் பார்த்தார். "காலையில் சாப்பிட்டவர்கள் கை தூக்குங்கள்."

ஆறு கைகள். உண்மையான ஆறு கைகள்.

பதிவேட்டை மூடி வைத்து, "சரி, விதிப்படியே நடக்கட்டும்" என்றார். அவர் முகத்தில் ஓர் அருவி வற்றியதைக் கண்ணால் பார்த்தேன். பிள்ளைகளுக்கு இலை போட்டோம். பாதிப் பந்தியில் ரஹ்மத் தன் இலையைக் கிழித்து, இரண்டு கவளம் வைத்து, அவரிடம் நீட்டினாள். "பகிரணும் சார். ஏழெட்டு அம்பத்தாறு."

அவர் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதினார்: 'மூன்றாம் விதியில் பட்டினியை நீக்குக. பிரம்பு வேண்டாம். கணிதம்: உணவுக்குப் பின் நன்று.' எனக்கு நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. வேலை தப்பியதே பெரிது.

மறுநாள் மைதீன் சார் இன்னும் பெரிய பானையோடு வந்தார். "வீட்ல சொல்லிட்டா டீச்சர். தப்புப் போட்டாத்தான் எஞ் சோத்த திங்கணுமா, சரியாப் போட்டாலும் தின்னட்டும்னு." பிறகு தெருவுக்கு ஒரு நாள் என்று பானைகள் வரத் தொடங்கின. கணக்கு வகுப்பை மதியத்துக்கு மாற்றினோம். அந்தத் தெருக்களின் சமையலுக்கும் இரண்டு கையெழுத்துகளுக்கும் நான் இன்றைக்கும் கடன்பட்டவள்.

இந்தக் கதையை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. மகளின் மதிப்பெண் அட்டை, அவளைப் பெண் பார்க்க வந்தவர்களின் குணம், எதுவானாலும் எங்கள் வீட்டில் ஒரே தீர்ப்புத்தான். விடிய விடிய எழுதிய கவிதையை என் வீட்டுக்காரரிடம் நீட்டுகிறேன். படிக்கிறார். கண்ணாடியைக் கழற்றுகிறார்.

"உணவுக்குப் பின் நன்று."

எழுந்து இலை போடப் போகிறேன்.