கடுகளவு முளையும் மூன்று கொட்டேஷனும்

மின்விசிறியின் இறக்கைகளைத் துடைப்பவர் மனைவி. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் கணவர். அவர் ஏன் ஏறவில்லை என்று கேட்காதீர்கள், கேட்டால் சொல்லிவிடுவார். தம் எடை, அவள் எடை, ஸ்டூலின் வயது, விழுந்தால் யாருடைய எலும்பு சீக்கிரம் கூடும், யார் படுத்தால் வீட்டுக்கு எவ்வளவு நஷ்டம் என்று எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்து, அவள் ஏறுவதே உத்தமம் என்று என்றோ முடிவு செய்தாகிவிட்டது. இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எதையும் எடைபோடாமல் விடமாட்டார்கள். தட்டில் உட்காருவது மட்டும் எப்போதும் அடுத்தவர்.

மச்சினன் இவருக்கு வைத்த பெயர் தராசு. உத்தியோகம் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில். மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்காமல் ஒரு திருகாணிகூட உள்ளே நுழையாது. வீட்டிலும் அதே சட்டம். குடையை எடுப்பதா வேண்டாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் மழை வந்து, பெய்து, விட்டும் போயிருக்கும். நனைந்தது, மாடியில் காய்ந்த துணியை எடுக்க ஓடிய மனைவி.

போன வாரம் அவள் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சதைமுளையைக் கண்டு, அங்கேயே கிள்ளி எடுத்துச் சீசாவில் போட்டார். பாலிப். பார்வைக்குச் சாது.

"இவ்வளவு சின்னதுல வில்லங்கம் இருக்கறது ரொம்ப அபூர்வம். லேபுக்கு அனுப்பினா என்ன ரகம்னு உறுதியாத் தெரியும், மறுபடி எப்போ பாக்கணும்னு சொல்லலாம். செலவு இருக்கு. சில சமயம் வீண் பயமும் வரும். யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார் மனைவியைப் பார்த்து.

"யோசிச்சுச் சொல்றோம்" என்றார் தராசு.

யாரை வைத்துக்கொண்டு யோசிக்கச் சொன்னார் பாருங்கள். அன்று மாலையே கொட்டேஷன் வேட்டை தொடங்கிவிட்டது. தெருமுனை டாக்டர் அனுப்பச் சொன்னார். தொழிற்சாலை டாக்டர் தேவையில்லை என்றார். மூன்றாவதாகச் சிக்கிய தூரத்துச் சொந்தம் பல் டாக்டர். அவர் "உங்க இஷ்டம்" என்று சொல்லி, பல்லை அடிக்கடி காட்டச் சொன்னார். தட்டு இரண்டும் சமம். எனவே மறுபடி முதலிலிருந்து.

"நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது பேருக்கு ஒண்ணும் இருக்காது" என்றார் சாப்பிடும்போது. "அனுப்பினாலும் ரிசல்ட் வர்றவரைக்கும் நீ அதையே நினைச்சுட்டு இருப்பே. உனக்கு இளகின மனசு" என்றார் கை கழுவும்போது.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அந்தத் தொண்ணூற்றொன்பது பேரும் மகராசியாக இருக்கட்டும். பாத்திரம் தேய்க்கும்போது குழாயை மூட மறந்து, என்னவாக இருக்கும் என்று நின்றுவிடுவது அவள் ஒருத்திதானே?

இப்போது ஸ்டூல் மேலிருந்து கேட்டாள்.

"என்னங்க, ஆஸ்பத்திரில இன்னிக்குள்ள சொல்லணும்னாங்களே."

"சொல்லலாம், அவசரப்படாதே."

"ஒண்ணு கேக்கறேன். உங்க கம்பெனிக்கு வால்வு வருதே, டெஸ்ட் சர்டிஃபிகேட் இல்லாம உள்ள விடுவீங்களா?"

"நானா? ஒண்ணுகூட விடமாட்டேன்." அவர் முதுகு தானாக நிமிர்ந்தது.

"நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது நல்லாத்தானே இருக்கும்?"

"இருக்கும். மிச்சம் ஒண்ணு வெடிச்சா? ஆடிட்ல என்னைத்தானே நிக்க வெச்சுக் கேப்பாங்க?"

அவள் துணியை உதறினாள். தூசி அலுங்காமல் அவர் வழுக்கையில் இறங்கியது.

"எனக்கு ஒண்ணுன்னா உங்களை யாருங்க கேப்பா?"

தராசு தும்மத் தொடங்கினார். அந்நேரம் அவர் சட்டைப் பையிலிருந்த போன் அடித்தது. ஒரு கை ஸ்டூலில், ஒரு கை தும்மலில். அவளே குனிந்து எடுத்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ்.

"அனுப்பிடுங்க சிஸ்டர். சார் சொல்றேன்னாரா? இருக்கட்டும். குடல் என்னுது."

போன் பைக்குத் திரும்பியது. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார் தராசு, நிஜமான வருத்தத்தோடு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் வண்டியில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் ஓடுகிற நீங்கள், வீட்டில் ஒருவர் "இங்க கொஞ்சம் வலிக்குது" என்றால், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்" என்று சொன்னதே இல்லையா? சந்தேகமிருந்தால் பக்கத்தில் இருப்பவரிடமே, "நான் அப்படியா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் கைவேலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து அடுத்த அறைக்குப் போனால், அதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கக்கூடும் என்று கணக்குப் போட உட்கார்ந்துவிடாதீர்கள்.