கனவில் நடந்த பந்தி

"நேத்து என்ன சாப்பிட்டீங்கண்ணே?" என்று கேட்டாள் இவானியா. டயாலிசிஸ் வார்டில் நோயாளிகளின் சாப்பாட்டைக் கவனிப்பவள் அவள்தான்.

"சோளமாவப் பிசைஞ்சு வாழையிலையில கட்டி வேகவச்ச நாக்கத்தமல், உள்ள பன்னிக்கறி. அப்புறம் அவகாடோ, பொரிச்ச நேந்திரங்காய்" என்றான் எலூத்தேரியோ, கண் சொருக.

"ஐயையோ! பொட்டாசியம் ஏறி நெஞ்சு நின்னுரும்ணே!"

பாவம், அவன் தின்றதெல்லாம் கனவில். கரும்பு இனிக்குமாம்! வெயிலில் அதை வெட்டி வெட்டிச் சிறுநீரகம் போனவனுக்கு, பகலில் எதைத் தின்றாலும் அரிவாளை நக்கியது போல இருந்தது. கண்ணை மூடினால் போதும், கரும்புக் காட்டுக்கு மேலே மிதப்பான். பனியில் ஆவி பறக்கும் தட்டுகள் அவனைத் தேடி வரும். வயிறு நிறைந்தவனாக விழிப்பான். மனைவி மெல்பா நீட்டும் முட்டையைத் தொடமாட்டான்.

ஆள் துரும்பாகிக்கொண்டிருந்தான். இரத்தத்தில் புரதம் ஏறினால்தான் அவனுடைய அண்ணன் தரும் சிறுநீரகத்தை வைக்க முடியும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

இவானியா மெல்பாவைக் கூப்பிட்டு ஏசினாள்.

"மாதா மேல சத்தியம்மா, வீட்டுல முட்டையும் கோழியும்தான்!" என்று பதறினாள் மெல்பா. "இந்த மனுஷன் கனவுல மொக்கிட்டு வந்து நெசத்துல வாய மூடிக்கிறாரு."

வீட்டுக்குப் போனதும் நேந்திரங்காயைத் தண்ணீர் மாற்றி இரண்டு முறை வேகவைத்து, பொட்டாசியம் போக வடித்துக் கொடுத்துப் பார்த்தாள்.

"கனவுல சமைச்சவ கைப்பக்குவம் உனக்கு வராதுடி" என்று தட்டைத் தள்ளினான்.

"எவ அவ?" என்று மெல்பா கரண்டியை ஓங்கினாள். பிறகு திரும்பிக்கொண்டு, கன்னம் சிவக்கச் சிரித்தாள்.

இவானியா வேறு வழி சொன்னாள். "கனவுலயும் முட்டைதான்னு நெனச்சுக்கிட்டே தூங்குங்கண்ணே."

அன்றைய கனவில் கரும்புக் காடு நெடுகப் பந்தி. கோழிகள் ஏப்ரன் கட்டிக்கொண்டு உப்பில்லாத அவித்த முட்டையாகப் பரிமாறின. விழித்தவனுக்கு முட்டையைக் கண்டாலே குமட்டியது.

பயந்துபோன மெல்பா, கனவே வேண்டாம் என்று அவனை உலுக்கி உலுக்கி எழுப்பினாள். இப்போது தூக்கமும் போயிற்று. வாசலில் உட்கார்ந்து அவள் வாய்விட்டு அழுதாள். அவன் போய்விட்டால் தன் கதி என்ன என்று அவளுக்கு உண்மையாகவே நடுங்கியது.

பக்கத்து வீட்டு நிக்கோலாசா ஓடி வந்தாள். அவள் புருஷனுக்கும் அதே கரும்பு, அதே நோய்.

"அழாதடி! எங்க வீட்டுக்காரருக்குப் புரதம் ஏறிடுச்சு, எல்லாம் உன்னாலதான். தூங்குற புருஷனுக்குப் பசி வரட்டும்னு அவரு காதுல நீ தெனம் நாக்கத்தமல், பன்னிக்கறின்னு ஆசையா ஓதுறியே, அது பலகைச் சுவரத் தாண்டி வருதுடி. எங்காளு முழிச்சுக்கிட்டு கேக்குறாரு, பசியெடுத்து எந்திரிச்சுத் திங்கிறாரு. உன் ஆளு தூங்கிக்கிட்டே கேட்டு, அங்கேயே தின்னு முடிச்சிடுறாரு!"