ஏரிக்கடியில் ஓர் ஓமின்

முக்குளிப்போர் மன்றத்தின் மதிப்புமிகு தலைவியும், என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காவுமான புருல் அவர்களுக்கு, தம்பி தொக்தோசுன் நெஞ்சில் கைவைத்து எழுதுவது. ஆடுகள் நலமா, குதிரைகள் நலமா, அத்தான் நலமா? இங்கே இசிக்குல் ஏரி நலம். நானும் நலமாக இருப்பது எப்படி என்று விளக்கவே இந்தக் கடிதம். தனியாக முக்குளிக்க அனுமதி கேட்கும் மனுவையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

உதிரி சிலிண்டர், உதிரி முகமூடி, இரண்டு கத்தி என்று எல்லாம் வாங்கிக்கொண்டு இரண்டு வருடமாக உங்கள் வாசலில் நிற்கிறேன். நீங்களோ, "முன்பின் தெரியாத ஆளோட இறங்கி ஒழுங்கா வந்து காட்டு, அப்புறம் தனியா போறதைப் பேசலாம்" என்றீர்கள். இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாவதும் தோற்றால் ஆயுளுக்கும் அனுமதி கிடையாது. அந்த மூன்றாவது முறைக்கு நீங்கள் அனுப்பிய ஆள், நாரின் ஊர்க் குதிரை வைத்தியர் ஷெர்மத் அண்ணன். அறுபது வயது, முகமூடிக்குள் அடங்காத மீசை.

நீருக்கடியில் காட்டும் சைகைகளைக் கரையிலேயே பேசி முடிக்க வேண்டும் என்பது விதி. நானும் கேட்டேன், "எதுக்கு எந்தச் சைகைன்னு நீங்களே சொல்லிடுங்க அண்ணே."

"இது உன் ஏரி. நீ சொல்லு தம்பி."

"பெரியவர் இருக்கும்போது நான் எப்படி?"

"வந்த விருந்தாளி நான் எப்படி?"

இப்படியே மரியாதை முற்றி, கால் விறைத்து, எதுவும் பேசாமலே இறங்கிவிட்டோம். பதினெட்டு மீட்டரில் மூழ்கிப்போன பழைய சுவர், அதற்கப்பால் வரிசையாகக் கற்குவியல்கள், பார்த்தால் கல்லறைகள் மாதிரியே. அங்கே ஷெர்மத் அண்ணன் என் பக்கம் திரும்பி, இரண்டு உள்ளங்கைகளையும் உயர்த்தி, முகத்தை மேலிருந்து கீழாக வழித்தார். கல்லறையைக் கண்டு ஒருவர் துவா ஓதி முகம் வழித்தால் நம்மில் யார் அக்கா சும்மா இருப்பார்கள்? என் கைகளும் தாமாகவே எழுந்தன, வழித்துவிட்டேன், முகமூடி கழன்றது, வழக்கப்படி வாயைத் திறந்து, துவாவின் முடிவில் சொல்லும் "ஓமின்" என்றும் சொல்லித் தொலைத்தேன், காற்றுக்குழாயும் போனது. மூக்கில் பனிபோல் குளிர்ந்த ஏரித் தண்ணீர். கண் தெரியவில்லை. குழாயைத் துழாவினேன், கிடைக்கவில்லை. உதிரி சிலிண்டரின் குழாயைப் பிடித்து உறிஞ்சினேன், காற்றே வரவில்லை. அதன் தரம் அப்படி! பயந்துவிட்டேன். என் மகளுடைய முகம்கூட நினைவுக்கு வரவில்லை, அவ்வளவு பயம். அப்போது மிரண்ட குதிரையைப் பிடிப்பதுபோல் ஒரு கை என் பிடரியைப் பிடித்தது, இன்னொரு கை தன்னுடைய உதிரிக் குழாயை என் வாயில் திணித்தது. மெதுவாக மேலே கூட்டிவந்தார்.

கரையேறியதும் கத்தினேன், "ஓமின் பண்ற இடமா அண்ணே அது?"

"ஓமினா? மீசையால முகமூடிக்குள்ள தண்ணி இறங்குதுன்னு காட்டினேன். நீ எதுக்குடா துவா ஓதினே?"

நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். நான் தனியாகப் போயிருந்தால் யார் முகத்தை வழித்திருப்பார்கள்? என் முகமூடி ஏன் கழன்றிருக்கும்? ஆபத்தெல்லாம் அந்நியர்களால்தான். ஆகவே மனுவில் உடனே கையெழுத்திடுங்கள். உங்கள் அடுப்பு அணையாமலும், குதிரைகளுக்குப் பால் வற்றாமலும் இருக்கட்டும்.

அன்புத் தம்பி,
தொக்தோசுன்

பி.கு.: ஷெர்மத் அண்ணன் எதிரில்தான் இருக்கிறார். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரி, அந்த உதிரி சிலிண்டர்ல ஏன் காத்து வரலைன்னு எழுதலையே?" என்றார். எழுதுகிறேன். அதன் வால்வைத் திறக்க மறந்துவிட்டேன். "ஒரு தடவை சோதிச்சுப் பார்க்கட்டுமா தம்பி?" என்று இறங்குமுன் அவர் கேட்டார், தனியாகப் போகிறவனுக்குச் சோதனை எதற்கு என்று அவர் கையைத் தட்டிவிட்டேன். மனுவைக் கிழித்துப் போடுங்கள் அக்கா. ஒரு கையால் போர்வையைப் பிடித்தபடி மறுகையால் இதை எழுதுகிறேன். டீக் கிண்ணத்தை அவர்தான் என் வாயருகே பிடித்துக்கொண்டிருக்கிறார்.