ஆஃப் நைனா கேட்ட கேள்வி

கரண்ட் போனால் சந்தோஷப்படுகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அப்படிப்பட்டவர் வீட்டில் குடியிருந்தேன். கும்மிடிப்பூண்டியே வியர்த்து விறுவிறுத்து கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டுத் திட்டிக்கொண்டிருக்கும்போது, எங்கள் ஹவுஸ் ஓனர் மட்டும் மொட்டை மாடியில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிள்ளை நல்ல மார்க் வாங்கின அப்பா மாதிரி உலாத்துவார். "அப்பாடா! ஒரு ஊட்லயும் எதுவும் ஓடல சார். கேக்கவே எவ்ளோ நல்லா கீது!" என்பார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று தெருவில் யாருக்கும் தெரியாது. எளாவூர் செக்போஸ்ட் தாண்டினால் ஆந்திரா என்பதால் எங்கள் பக்கம் வயதானவர்களை நைனா என்பது வழக்கம். 'ஆஃப் நைனா'வில் முன்னால் இருக்கும் 'ஆஃப்' மட்டும், கண்டதையெல்லாம் அணைத்து அவராகச் சம்பாதித்தது. அவர் மாடியில், நாங்கள் கீழே. நான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். என் மனைவி கலா, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் மகள் நித்யா, அவ்வளவுதான் குடும்பம்.

நாங்கள் குடிவந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். ஃப்ரிட்ஜ் இன்னும் வண்டியிலிருந்து இறங்கவில்லை. அதைச் சுற்றி ஒரு வலம் வந்து, கதவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அஞ்சு ஸ்டார் சார்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"எந்த வருசத்து அஞ்சு ஸ்டாரு?"

"ஸ்டார்ல என்னங்க வருஷம்?"

"இன்னா சார் நீ, ஸ்டாருக்கும் வயசாவும். வாங்கசொல்ல அஞ்சு. இப்ப அளந்தா மூணு தேறும். சரி, சுவத்துல ஒட்டி வெச்சிடாத. பின்னாடி அது மூச்சு வுட எடம் வோணும்."

வண்டிக்காரன் ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு நின்றான். அதன் மூச்சைப் பற்றிப் பேசினாரே தவிர அவன் மூச்சைப் பற்றிப் பேசவில்லை.

ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் மீட்டர் தனி. பில் கட்டுவது நாங்கள். நாங்கள் எதைப் போட்டாலும் அணைத்தாலும் அவருக்குச் சல்லிக்காசு லாபம் கிடையாது. இதை நான் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லியே விட்டேன். "உன் கரண்டு, என் கரண்டுன்னு இன்னா சார் கீது? எல்லாம் ஒரே கம்பிலதான வருது?" என்றார். அவர் இரும்பு உருக்கும் ஆலையில் ஃபர்னஸ் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "நான் சுவிட்சு போட்டா ஊரே ஒருதபா மங்கும் சார். வேலைல இருந்தவரைக்கும் நான் தின்ன கரண்டுக்கு அளவே இல்ல. இப்பதான் கொஞ்சங் கொஞ்சமா திருப்பிக் குடுத்துக்கினு கீறேன்." அவர் தின்றதற்கு நாங்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றியது. வாடகை வீட்டில் இருப்பவன் எல்லாவற்றையும் கேட்டுவிட முடியாது.

"சார், ஊட்ல யாரும் இல்லியா?" என்று குரல் கொடுத்துக்கொண்டே நுழைவார். யாராவது இருந்தால்தான் அவருக்கு ஏமாற்றம். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால், "காத்து வாங்கிக்கினு கீறது யாரு, பேயா?" என்பார். டி.வி.யை ரிமோட்டில் அணைத்தால் போதாது. அந்தச் சின்னச் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டால், "இன்னும் முழிச்சிக்கினுதான் கீது" என்று ப்ளக்கையே பிடுங்குவார். இஸ்திரிப் பெட்டியை அணைத்த பிறகும் விடமாட்டார். மிச்சச் சூட்டில் கர்ச்சீப்புகளைப் போட்டு முடிக்க வேண்டும்.

சமையலறைக்குள்ளும் நீதிமன்றம் நடந்தது. "தங்கச்சி, பால ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்ததும் அடுப்புல ஏத்தாத. கொஞ்ச நேரம் வெளிய வெச்சி சில்லு போவட்டும். அரிசி, பருப்பு ஊறிச்சா? ரெண்டு விசிலுல அணைச்சிடு, மிச்சத்த ஆவி பாத்துக்கும்." கலா என்னிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "நாம வாடகைக்கு வீடு கேட்டோமா, மாமியாரைக் கேட்டோமா?" ஆனால் அரிசியை ஊறவைத்தாள். அடுப்பு சீக்கிரம் அணைந்தது. அதில் அவளுக்கு இன்னும் கோபம்.

அவர் மனைவி சரோஜாக்கா எங்களைவிடப் பாவம். கரண்ட் கம்மியாக இழுக்கும் புது மாடல் ஃபேன் ஒன்றை நைனா வாங்கி மாட்டினார். ரிமோட்டில் ஓடுவது. அந்த ரிமோட் அவர் சட்டைப் பையில் குடியேறியது. ஒரு சித்திரை மத்தியானம் சரோஜாக்கா முந்தானையால் விசிறிக்கொண்டு கீழே வந்து எங்கள் ஃபேனுக்கடியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"என்னக்கா ஆச்சு?"

"ஃபேன பாக்கெட்ல வெச்சிக்கினு மார்க்கெட்டுக்குப் போயிட்டாரு கலா. சுவத்து சுவிட்ச தட்டிப் பாத்தேன், அது அவரு பேச்சத்தான் கேக்குது."

அவர்கள் வீட்டு ரீடிங்கைப் பார்த்துவிட்டு, மீட்டர்தான் கெட்டுவிட்டதோ என்று ரீடிங் எடுப்பவர் அதைத் தட்டிப் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன்.

இதெல்லாம் பேஜாருதான், ஆனாலும் பொறுத்துக்கொள்ளலாம். இறால் விஷயம்தான் பொறுக்க முடியாதது. ஒரு கல்யாணத்துக்காக வேலூர் போயிருந்தோம். போகும்போது, தண்ணீர் மோட்டார் போடுவதற்காகச் சாவியை நைனாவிடம் கொடுத்தேன். மோட்டாரைப் போட வந்தவர், ஆளில்லாத வீட்டில் ஃப்ரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருப்பதைக் கண்டு மனம் தாங்காமல் அணைத்துவிட்டார். ஃப்ரீசருக்குள் பழவேற்காட்டு இறால் இருந்தது. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வீடு எங்களை உள்ளே விடவில்லை. தெருமுனை வரைக்கும் போய் நின்றுவிட்டோம். நைனா மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, "உள்ள இறா கீதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக்கூடாதா சார்?" என்று என்னைத்தான் குற்றம் சொன்னார்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் நித்யாவைப் பெண் பார்க்க வந்தார்கள்.

பையன் திருவள்ளூர். இன்ஜினியர். சொந்த வீடு, கார், ஒரே பிள்ளை. கலா போட்டோவைப் பார்த்துவிட்டு அப்போதே சம்பந்தியாகி விட்டாள். வெயில் காலம் என்பதால் வந்தவர்கள் வியர்க்கக்கூடாதென்று ஹால் ஏசியைக் காலையிலேயே போட்டு, எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவும் குறைத்து வைத்தாள். நான் மாடிக்குப் போய், "நைனா, இன்னிக்கு ஒருநாள் மட்டும்..." என்று கைகூப்பினேன்.

"நான் ஏன் சார் வரப்போறேன்? நல்ல காரியம். நீ போ" என்றார். சரோஜாக்காவும் வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருப்பதாக வாக்குக் கொடுத்தார்.

வந்தார்கள். பையன், அப்பா, அம்மா, ஒரு மாமா. செருப்பு விடுவதும் தட்டு வாங்குவதுமாக வாசல் கதவு திறந்தே கிடந்தது. ஏசியின் வெளிப்பெட்டி மாடியில் நைனாவின் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. கதவு திறந்திருக்க, அது மூச்சு விடாமல் ஓடியிருக்கிறது. நைனா காதைப் பொத்திக்கொண்டு பார்த்திருக்கிறார். தலையணையை வைத்துப் பார்த்திருக்கிறார். கேசரி பரிமாறக் கலாவுக்கு உதவ சரோஜாக்கா உள்ளே போன நேரத்தில் வாசலில் அவர் தலை தெரிந்தது.

"கம்ப்ரசரு கட்டே ஆவாம ஓடிக்கினே கீது சார். எதுனா ரிப்பேரோன்னுதான்..." என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தினார். ரிமோட்டை எடுத்து இருபத்தாறில் வைத்தார். ஃபேனைப் போட்டார். மாமாவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, உங்கூட்ல ஏசி கீதா?"

"நாலு ரூம்லயும் இருக்குங்க."

"ஃபில்டரு யாரு கழுவறது?"

பையன் அம்மாவைப் பார்த்தான். "அம்மாதான்."

"துணி இஸ்திரி?"

"அம்மா."

"ரூம உட்டு வெளிய வரசொல்ல ஃபேனு, லைட்டு?"

"அம்மா பின்னாடியே வந்து ஆஃப் பண்ணிடுவாங்க" என்றான். அவன் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு கேசரியைக் கிளறினார்.

"அப்ப நீ இன்னாதான் மாப்ள பண்ற?"

நைனா வம்புக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் இன்னும் மோசம். பையனின் அப்பா தட்டைக் கீழே வைத்தார். "பொண்ணு பாக்க வந்தமா, எங்க பையன இன்டர்வியூவுக்குக் கூட்டிட்டு வந்தமா?" என்று எழுந்தார். கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டு முடியும் வரை பொறுத்தேன்.

அப்புறம் கத்தினேன். ஃப்ரிட்ஜ், இறால், டி.வி. ப்ளக் எல்லாம் சேர்ந்து வாயில் வந்தது. "இனிமே என் வீட்டு வாசப்படிய மிதிக்காதீங்க!" என்று முடித்தேன். அது அவர் வீடு என்பது சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. அவர் அதைச் சுட்டிக்காட்டவில்லை. எழுந்து போனார். போகிற வழியில் ஹால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கை தானாக ஸ்விட்ச் பக்கம் போய், பாதியில் நின்று, திரும்பி வந்தது.

உள்ளேயிருந்து நித்யா பஜ்ஜித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளைக்கென்று வைத்த பஜ்ஜியை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தாள்.

"அவர ஏன்ப்பா திட்டின? தனியா பேச விட்டா அந்தப் பையன்கிட்ட இதத்தான் எப்படிக் கேக்கறதுன்னு யோசிச்சிக்கினு இருந்தேன். நைனா ஏசிய வெச்சே கேட்டுட்டாரு. அந்த அம்மா முகத்தப் பாத்தியா? அவங்க பண்ற வேலைக்கெல்லாம்தான் ஆள் தேடி வந்திருக்காங்க."

கலாவும் ஒரு பஜ்ஜி எடுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் நைனா கீழே வரவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஃபேன்கள் பேய்களுக்காகச் சுழன்றன. டேங்க் நிரம்பி வழிந்தும், மோட்டாரை அணைக்கச் சொல்லி யாரும் கூவவில்லை. கலா பட்டப்பகலில் வாசல் விளக்கை எரியவிட்டாள். கேட்டால், "வந்து கேக்கறாரா பாப்போம்" என்றாள், எலிக்குக் கருவாடு வைக்கிற மாதிரி. நைனா கேட் வரைக்கும் வந்து அந்த விளக்கை அண்ணாந்து பார்த்தார். பெருமூச்சு விட்டார். திரும்பிப் போய்விட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. உரிமையாக வந்து அணைத்துத் தொலைத்தால்தான் என்ன?

திருநின்றவூரிலிருந்து இன்னொரு வரன் வந்தது. தினமும் ரயிலில் சென்னைக்குப் போய் வேலை பார்க்கும் பையன். தாய் இல்லை, அப்பா மட்டும். நித்யா சொல்லிவிட்டாள், "நைனா இல்லாம நான் ஹாலுக்கே வரமாட்டேன்."

நான் மாடிப்படி ஏறினேன். வேறு என்ன செய்வது? நைனா என்னைப் பார்த்ததும், "உம் படிய நான் மிதிக்கக்கூடாது, எம் படிய நீ மிதிக்கலாமா சார்?" என்றார். சொல்லிவிட்டு, உள்ளே பார்த்து, "சரோஜா, எனக்கு வெள்ள சட்டைய எடு" என்றார்.

வெள்ளைச் சட்டையோடு வந்து ஹால் மூலையில் உட்கார்ந்தார். வாயைத் திறக்கவில்லை. ஏசி ஓடியது, அதைப் பார்க்கவில்லை. விருந்தாளியாக வந்த பிள்ளை மாதிரி முழங்கால்மேல் கைவைத்துக்கொண்டு இருந்தார். கடைசியில் நித்யாவே, "நைனா, கேளுங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"தம்பி, உங்கூட்ல ஃபில்டரு..."

"நான்தாங்க கழுவறேன். ஆனா மறந்துடுவேன். காத்து வராதப்பதான் ஞாபகம் வரும்."

"இஸ்திரி?"

"எனக்கும் அப்பாவுக்கும் ஞாயித்துக்கெழம மொத்தமா போட்டுடுவேன்."

"ஃபேனு, லைட்டு?"

பையன் நெளிந்தான். அவன் அப்பாதான் பதில் சொன்னார். "அத மட்டும் கேக்காதீங்க. நான் பின்னாடியே போயி அணைச்சிக்கினு கீறேன்."

நைனா முகம் மலர்ந்ததே! இரண்டு பெரியவர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பையனையும் பெண்ணையும் மறந்து, எந்தப் பாத்திரம் இன்டக்‌ஷன் அடுப்பில் சீக்கிரம் சுடும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். கதவோரம் நித்யா சிரித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பையனும் அவளைப் பார்த்துச் சிரித்தான். எங்களுக்குக் கேட்க ஒன்றும் மிச்சமில்லை.

கல்யாணம் முடிந்தது. நான் ஓய்வு பெற்று, நித்யா இருக்கும் திருநின்றவூருக்குப் பக்கமாக நாங்களும் திருவள்ளூருக்குக் குடிவந்துவிட்டோம். போன வாரம் நித்யா போன் செய்தாள். குரலில் அப்படியொரு சலிப்பு.

"அப்பா, நைனா வந்திருக்காரு."

"யார்கூட?"

"தனியாத்தான். ரயில் மாறி வந்திருக்காரு. வந்தவரு தண்ணிகூடக் குடிக்கல. ஸ்டூல் போட்டு ஏறி ஃபேன் றெக்கையத் தொடச்சிக்கினு இருக்காரு. தூசு இருந்தா மெதுவா சுத்துமாம், நாம ஸ்பீட ஏத்துவோமாம். நாஷ்டா கூட துன்னாம வந்துட்டாருன்னு சரோஜாக்கா அங்கேர்ந்து போன்ல திட்டறாங்க. எனக்கு மீட்டிங் வேற இருக்குப்பா, நான் என்ன பண்றது?"

இந்த மனிதருக்கு வேறு வேலையே கிடையாதா? இந்த வயதில், இந்த வெயிலில், கூட்டத்தில் இடிபட்டு, யாரோ வீட்டு ஃபேனைத் துடைக்கவா அவ்வளவு தூரம் வருவார்கள்? வாய்க்கு வந்ததையெல்லாம் நன்றாகத் திட்டிவிட்டு, கடைசியாகச் சொன்னேன்:

"மீட்டிங் கிடக்கட்டும். நீ முதல்ல போயி அந்த ஸ்டூல கெட்டியாப் பிடிச்சிக்கம்மா. எறங்கினதும் உக்கார வெச்சி சோறு போடு. அவருக்குக் காரம் ஆவாது, பாத்துப் போடு."