ஞாயிற்றுக்கிழமை மனை பார்ப்பவர்

சொந்த வீட்டுக்காரர், வாடகை வீட்டுக்காரர் என்று மனிதர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறீர்களே, அது போதாது. மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு: மனை பார்த்துக்கொண்டே இருப்பவர். எங்கள் ஹைதராபாத்தில் இந்த ரகம் செழிப்பாக வளர்கிறது. காரணம், ஞாயிறுதோறும் மனை விற்கும் கம்பெனிகளே இலவசமாகப் பேருந்து விட்டு, போகும்போது இட்லியும் வரும்போது பிரியாணியும் போட்டு வளர்க்கின்றன.

என் பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் மாணிக்யால ராவ் இந்த ரகத்தின் தலைமகன். காலில் முள் குத்தாத பழைய ஷூ, சட்டைப்பையில் திசைகாட்டி. பேருந்தை விட்டு இறங்கியதும் மற்றவர்கள் நிழலைத் தேட, இவர் ஈசான்ய மூலையைத் தேடுவார். கிழக்குப் பார்த்த மனை என்றால் தெருக்குத்து இருக்கிறது என்பார். தெருக்குத்து இல்லையென்றால் தென்மேற்கு பள்ளம் என்பார். மண் கொட்டி மேடாக்கித் தருகிறோம் என்று கம்பெனிக்காரர் சொல்லிவிட்டாலோ, இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறார்களே, பத்திரத்தில் ஏதோ கோளாறு என்று தலையை ஆட்டுவார். பிரியாணியில் மட்டும் அவர் இதுவரை கோளாறு கண்டதில்லை.

ஆனால் வாங்குவது அடுத்தவர் என்றால்? ஆளே வேறு. "பழைய வரைபடத்துல ஏரி எதுவரைக்கும் இருந்துச்சுன்னு பாருங்க. வில்லங்கம் போட்டுப் பாருங்க. வித்தவரோட அண்ணன் தம்பிங்க கையெழுத்து இருக்கான்னு பாருங்க. நல்ல மழைக்கு மறுநாள் வந்து நில்லுங்க, கால் புதையலையா, தைரியமா வாங்குங்க." அவர் பேச்சைக் கேட்டு வாங்கியவர் யாரும் கெட்டுப்போனதில்லை. அவர் பேச்சைக் கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

இதில் மாட்டிக்கொண்டவர் அவர் மனைவி சுகுணா. ஒவ்வொரு வாடகை வீட்டிலும் ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டு, அது தழைக்கிற சமயத்தில் விட்டுவிட்டு வந்தவர். இந்த வருடம் வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம், சங்கராந்திக்குள் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். "இன்னும் ஒரே ஒரு வாடகை வீடு, அதோட சரி" என்று என்னிடம் சொன்ன சுகுணா, அந்த ஞாயிறு தானும் பேருந்தில் ஏறினார். வேடிக்கை பார்க்க நானும் ஏறினேன்.

அங்கே நல்கொண்டாவிலிருந்து வந்த டீச்சரம்மா ஒருவர் ஒரு மனையின் முன்னால் தயங்கி நின்றார். விடுவாரா ராவ்? திசைகாட்டியை வைத்தார், மண்ணைப் பிசைந்து பார்த்தார், கம்பெனி ஆள் பிக்ஷபதியிடம் பத்திர நகலை வாங்கி வரிவரியாகப் படித்தார். "கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்கம்மா. இதுவும் பக்கத்து மனையும் ஒரே மாதிரி. இந்தப் பக்கமே இப்படி ஒரு இடம் கிடையாது."

சுகுணா மெல்லக் கேட்டார். "ஏங்க, நல்ல இடம்தானா?"

"அவங்களுக்கு நல்ல இடம்."

"நமக்கு?"

"நமக்குன்னா யோசிக்கணும் சுகுணா. அடுத்த வாரம் வேற பக்கம் கூட்டிட்டுப் போறாங்களே, அதையும் பார்த்துடலாம்."

அவர் பிரியாணி வரிசைக்குப் போனார். சுகுணா ஷாமியானாவுக்குள் பிக்ஷபதியிடம் போனார்.

"தம்பி, டீச்சரம்மா மனைக்குப் பக்கத்து மனையை என் பேருக்குப் போடு."

"சாரை ஒரு வார்த்தை கேட்க வேணாமா அக்கா?"

"சார் இவ்வளவு நேரம் அதைத்தானே சொல்லிட்டிருந்தார். என்கிட்ட சொல்லல, அவ்வளவுதான்."

சுகுணா, தான் பள்ளிக்கூட வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் முன்பணம் கட்டினார். எனக்கு உள்ளுக்குள் கைதட்டத் தோன்றியது. பேருந்தில் சுகுணா ரசீதைக் காட்டியதும், ராவ் திரும்பும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். அன்றைக்குப் பிரியாணியில் உப்பு குறைவு என்றார்.

இத்தோடு திருந்தியிருப்பார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு காலை, வாசலில் பழைய ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க? அதான் மனை வாங்கியாச்சே."

"அது அவ வாங்கினது. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேப்பா."

உள்ளே சுகுணா புதிதாக ஒரு கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இந்தமுறை தொட்டியில் வைத்திருந்தார், எடுத்துக்கொண்டு போக வசதியாக.

சரி, அந்த மனை எந்தப் பக்கம், எந்தத் திசை பார்த்தது என்று இவன் சொல்லவே இல்லையே என்று இவ்வளவு நேரமாக உங்களுக்கு உறுத்துகிறதா? அப்படியென்றால் ஞாயிறு காலை வந்துவிடுங்கள். ராவ் தன் பக்கத்து இருக்கையில் துண்டு போட்டு வைத்திருப்பார்.