முதல் பெற்றோர் பதவி

இனிமேல் முதல் பெற்றோர் நான்தான் என்று ஒரு திங்கட்கிழமை மாலை முடிவெடுத்தேன்.

மகள் படிக்கும் பள்ளியில், வீட்டோடு பேசுவதற்கென்று ஒரு செல்போன் ஆப் கொண்டுவந்திருந்தார்கள். வீட்டுப்பாடம், விடுமுறை, காய்ச்சல், காணாமல்போன தண்ணீர் பாட்டில் எல்லாம் அதில் வரும். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரு போன்தான். அந்தப் போன்காரருக்குப் பெயர் 'முதல் பெற்றோர்'. எங்கள் வீட்டில் அது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் பெற்றோர் என்று ஒருவர் இருப்பதாக அந்த ஆப் ஒப்புக்கொள்ளவே இல்லை.

ஒரு கிடங்கில் இரவெல்லாம் பதினாறு கேமராத் திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. எலி நகர்ந்தாலும் எனக்குத் தெரியும். மகள் மூன்றாம் வகுப்புக்குப் போனது மட்டும் இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்தத் திங்கட்கிழமை அவள் வரைந்த 'என் குடும்பம்' படம் ஆப்பில் வந்தது. அம்மா. அவள். நடுவில் ஒரு போர்வை மூட்டை. அதிலிருந்து இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கீழே டீச்சர் கேட்டிருந்தார்: "மிக அழகு! மூட்டையில் என்ன?"

மூட்டையில் நான்.

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் என் பிள்ளைக்கு என் முகம் நினைவில்லை, பாதம்தான் நினைவிருக்கிறது என்பது எங்கேயோ தைத்தது.

"அந்த ஆப்பை என் போனுக்கு மாத்து."

"எதுக்குங்க?"

"இனிமே அவ ஸ்கூல் விஷயமெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"பாக்கறதுக்குக் கண்ணைத் திறக்கணுமே!"

"கிண்டல் வேண்டாம். மாத்து."

"மாட்டேன். உங்களுக்கு அது வராது."

"பதினாறு ஸ்கிரீன் பாக்கறவனுக்கு ஒரு ஸ்கிரீன் வராதா?"

"அந்தப் பதினாறுல ஒண்ணாவது உங்ககிட்டப் பதில் கேக்குதா?"

நான் போனைப் பிடுங்கக் கை நீட்டினேன். "தலைகீழா நின்னாலும் தர மாட்டேன்" என்று அவள் பேச்சை முடித்தாள்.

புதன்கிழமை காலை வேலை முடிந்து வந்தேன். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். அவள் போன் சாப்பாட்டு மேசை நடுவில், பூட்டாமல், ஆப் திறந்தபடி கிடந்தது. இவ்வளவு அஜாக்கிரதையான பெண்ணை நம்பி ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறதே என்று வருந்தினேன். மூன்றே தட்டு. பதவி என் கைக்கு வந்துவிட்டது.

பள்ளிக்கூடங்கள் பகலில் நடக்கின்றன என்ற சின்ன விஷயத்தைத்தான் யோசிக்க மறந்திருந்தேன். நான் தூங்கும் நேரமெல்லாம் 'டிங்'. ஒவ்வொரு செய்திக்கும் கீழே 'சரி', 'இயலாது' என்று இரண்டு பொத்தான்கள். பன்னிரண்டு வருட இல்லறத்தில் என் கட்டைவிரலுக்கு இரண்டாவது பொத்தான் பழக்கமே இல்லை. தூக்கத்திலேயே 'சரி'யைத் தட்டிவிட்டுப் புரண்டு படுப்பேன்.

"என்னங்க, ஸ்கூல்ல இருந்து மெசேஜே வர மாட்டேங்குதே?" என்றாள் மனைவி, காய் நறுக்கியபடி.

"லீவா இருக்கும்."

"அப்போ இவ யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டு தினமும் எங்க போறா?"

நான் அவசரமாகப் பல் தேய்க்கப் போனேன். அன்றைக்கு இரண்டாவது தடவை.

அடுத்த திங்கட்கிழமை மகள் பையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள்.

"அப்பா! நீங்களா யானை?"

"எந்த யானை?"

"எங்க நாடகத்துல! முன்னங்கால் பி.டி. மாஸ்டர். பின்னங்கால் நீங்கதானாம்!"

போனைப் பார்த்தேன். நூலகத்தின் நூற்று நாற்பது புத்தகங்களுக்கு அட்டை போட: சரி. கயிறு இழுக்கும் போட்டியில் அப்பாக்கள் அணிக்குத் தலைமை தாங்க: சரி. வகுப்பு முயலை விடுமுறையில் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள: சரி. யானைக்கு மட்டும் இரண்டு 'சரி'. அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எப்படிக் கழன்றுகொள்வது என்று யோசித்தேன். மகள் கண்ணிமைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி" என்றேன். முழித்துக்கொண்டு சொன்னது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை நாடகம். சாம்பல் நிறத் துணிக்குள் குனிந்து பி.டி. மாஸ்டரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேடையேறினேன். அவர் இடப்பக்கம் திரும்பினார். நான் வலப்பக்கம் திரும்பினேன். யானை இரண்டாகப் பிரிந்தது. அரங்கமே அதிர்ந்தது. அசையவே கூடாத மரமாக நின்றிருந்த என் மகள் இரண்டு கிளைகளையும் தூக்கிக் கத்தினாள்:

"பின்னங்கால் எங்க அப்பா!"

துணிக்குள் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. என் கண்ணை யாரும் பார்க்கவில்லை.

முன்வரிசையில் மனைவி, ஒரு வாரமாக 'டிங்' கேட்காத முகத்தோடு, ஜம்மென்று உட்கார்ந்து கைதட்டினாள்.

நாடகம் முடிந்ததும் டீச்சர் வந்து நன்றி சொன்னார். மனசு தாங்காமல் உண்மையைக் கக்கிவிட்டேன்.

"டீச்சர், இந்தப் பதவி... என் மனைவிக்குத் தெரியாம நானே எடுத்துக்கிட்டதுங்க."

"தெரியாமலா? பழைய பெற்றோர் முன்னாடியே எழுதிக் குடுக்காம ஆப்ல மாத்தவே முடியாதே, சார்!"

தன் போனைக் காட்டினார். அந்தத் திங்கட்கிழமை இரவே மனைவி எழுதியிருந்த குறிப்பு:

"என் கணவரை முதல் பெற்றோர் ஆக்குங்கள். நானாகக் கொடுத்தால் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுவார். அதனால் தர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு நாளில் அவரே திருடிக்கொள்வார். யானைக்கு ஆள் வேண்டும் என்றீர்களே, பகல் பதினொரு மணிக்குக் கேளுங்கள். நல்ல தூக்கத்தில் இருப்பார்."

அவள் கணக்கும் தப்பும் என்பதற்காகச் சொல்கிறேன்: இரண்டு நாள் இல்லை, ஒன்றரை நாளிலேயே திருடிவிட்டேன்.