இடம் மாறிய மணி

வெண்கல நாடு என்று ஒன்று இருந்தது. வரைபடத்தில் தேட வேண்டாம். அங்கே குடியிருப்பவர்களுக்கு வழி தெரியும். அந்த நாட்டில் எதற்கும் ஒரு மணி உண்டு. அரசர் கொட்டாவி விட்டால்கூட ஒன்று அடிக்கும்.

தலைநகரின் சந்தை முனையில் ஆப்பக்கடை வைத்திருந்த செம்பவளம், தன் கையை முறித்த கணவன் கூத்தையன்மேல் வழக்குப் போட்டாள். நடுவர் நல்ல மனிதர். “இவளை நூறடிக்குள் அவன் நெருங்கக் கூடாது. அவன் வருவது இவளுக்குத் தெரியும்படி அவன் கழுத்தில் மணி கட்டுக” என்று தீர்ப்பெழுதினார். கதவைத் தாழிடாமல் செம்பவளம் உட்கார்ந்து சாப்பிட்டது மூன்று வருடத்தில் அன்றுதான்.

கூத்தையனோ அமைச்சர் கீர்த்திவளவருக்குத் தேர்தலில் கோஷம் போடுகிறவன். மாட்டுக்குக் கட்டுவதைத் தம் ஆளுக்குக் கட்டியதில் அமைச்சரின் மனம் புண்பட்டது.

“தீர்ப்பை யாம் மாற்றவில்லை. மணி இடம் மாறுகிறது, அவ்வளவே. அதை அந்த அம்மையார் அணியட்டும். ஓசை கேட்டு அவன் விலகிக்கொள்வான்.”

“ஆணையில் கூத்தையன் பெயரை எழுதலாமா, பிரபு?” என்றார் எழுத்தர்.

“நம் ஆளின் மானம் என்னாவது? பொதுவாக எழுதும். மணி கட்டிய பெண்ணின் ஓசையைக் கேட்கும் ஆண்மகன் எவனும் நூறடி விலக வேண்டும். தவறினால் சிறை.”

கூத்தையன் விலகவில்லை. ஓசை வந்த திசையைப் பிடித்துக்கொண்டு நேராக வந்தான். செம்பவளம் கடையைக் குளக்கரைக்கு மாற்றினாள், அங்கும் வந்தான். முறையிட்டாள். தனக்குக் காதில் விழவில்லை என்று அவன் சத்தியம் செய்தான். அரசு மனமிரங்கி அவளுக்கு இன்னும் பெரிய மணியாக, இலவசமாகவே வழங்கியது.

மீன் விற்கும் தாயம்மாவுக்கு வயிறெரிந்தது. “ஏண்டி, ஒத்த மணின்னாத்தான நீ எங்கன்னு தெரியும்? நாப்பது மணி அடிச்சா அந்தப் பய எதைப் பாத்து வருவான்?”

மறுநாள் காலை சந்தையின் நாற்பது பெண்களும் மணி கட்டிக்கொண்டார்கள். கூத்தையன் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு மணி, பக்கத்தில் ஆணையும் கையுமாக ஒரு காவலர். நூறடி விலகினால் அங்கே இன்னொரு மணி. மதியத்துக்குள் நாட்டின் எல்லைக் கல்லைத் தாண்டிவிட்டான். செம்பவளம் பழைய முனைக்கே திரும்பினாள். நல்ல வாடிக்கையாளர் வந்தால் பெண்கள் மணியின் நாக்கில் துணி சுற்றிக்கொண்டார்கள். வியாபாரம் அமோகமாக நடந்தது. கதை சொல்லும் எனக்கும் அதில் பரம திருப்தி.

தேர்தல் வந்தது. கும்பிட்ட கையோடு கீர்த்திவளவர் சந்தைக்குள் நுழைந்தார். நாற்பது மணிகளும் ஒன்றாக அடித்தன. காவலர் ஆணையை விரித்துப் படித்தார்.

“இது யாம் எழுதிய சட்டமாயிற்றே!”

செம்பவளம் ஆப்பச்சட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

“அதான் ஐயா சொல்றேன். அஞ்சு வருசமா எங்கள நூறடிக்குள்ள நெருங்காம ஒழுங்கா இருந்தீங்க. இன்னிக்கு மட்டும் எதுக்கு மீறணும்?”